கழுத்தில் தொங்கிய பெயர்

ஹேட்டி அன்று காலையில் தன் துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்த சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டாள். உடுத்த மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் கவுன். மாமா மகள் கல்யாணத்துக்கு எடுத்தது. அதை மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, மேயருக்கு ஓட்ஸ் வைத்தாள்.

பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தக் கவுன்தான் காரணம். முந்தின நாள் போட்ட கிழிந்த டி-ஷர்ட்டையே மறுபடி போட்டிருந்தால் எந்த வீட்டுக் கதவும் அவளை உள்ளே இழுத்திருக்காது.

மேயர் என்பது ஒரு சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அது எதிலும் சேராத ஒரு ஜீவன். ஈரத்தாளின் மேல் மஞ்சள் வலைபோலப் படர்ந்து கிடக்கும். ஊரில் ஓடைக்கரைக் கட்டையிலிருந்து ஹேட்டி சுரண்டி எடுத்து வந்தது. மெதுவாக நகர்கிறது, போகிற வழியிலெல்லாம் எதையாவது தின்கிறது என்று பார்த்துவிட்டு அவள் அப்பா அதற்கு வைத்த பெயர் மேயர். ஹேட்டிக்கு அந்தப் புது ஊரில் இருந்த ஒரே தெரிந்த முகம் அதுதான். அதற்கு முகமும் கிடையாது.

அறையின் மறுபாதியில் டெலானி இருந்தாள். மறுபாதி என்பது பேச்சுக்கு. அவளுடைய செருப்புகள் ஹேட்டியின் கட்டிலுக்கு அடியிலும் குடியேறியிருந்தன. அலபாமாவின் ஆகஸ்ட் வெயிலில், வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய அந்த ஒரு வாரம், பல்கலைக்கழகத்தின் புதுப் பெண்களில் பாதிப் பேர் நல்ல கவுனாக உடுத்திக்கொண்டு வெள்ளைத் தூண் வைத்த வீடுகளின் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு சகோதரிச் சங்கம். உள்ளே போய்ப் பேச வேண்டும், சிரிக்க வேண்டும். பிடிக்காதவர்களை வீடுகள் தினம் தினம் கழித்துக்கொண்டே வரும். கடைசி நாள் ஒரு உறை வரும். உறைக்குள் எந்த வீட்டின் பெயர் இருக்கிறதோ அதுதான் நாலு வருடத்துக்கும் உன் வீடு.

டெலானிக்கு ரோ என்ற வீடு வேண்டும். அவளுடைய அம்மா இருந்த வீடு. அம்மா காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, தூங்கப் போகும்போது ஒரு தடவை போன் செய்து அதை நினைவுபடுத்துவாள். ஆனால் உண்மைக் காரணம் அம்மா இல்லை என்பது ஹேட்டிக்குத் தெரியும்.

விடுதிக்கு வந்த முதல் நாள், உணவுக்கூடத்தில் டெலானி தட்டு நிறைய எடுத்துக்கொண்டு நடுவில் நின்றாள். மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்து ஒரு பாக்கெட் பிஸ்கெட்டைத் தின்றாள்.

"ஏன் சாப்பிடல?" என்று கேட்டாள் ஹேட்டி. அவள் அதே கூடத்தில், ஓரத்து மேசையில், புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

"தனியா உக்காந்தா எல்லாரும் பாப்பாங்கடீ. அதுக்கு நான் பட்டினியே கிடப்பேன்." டெலானியின் அப்பா ராணுவத்தில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர், ஒரு பள்ளிக்கூடம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் முதல் நாள் அந்தத் தட்டு. "ரோ வீட்டுச் சாப்பாட்டு மேசைய அம்மா போட்டோல காட்டியிருக்காங்க. சுவத்துலேருந்து சுவரு வரைக்கும் ஒரே மேசை. எங்க உக்காந்தாலும் பக்கத்துல ஆள் இருக்கும்."

ஹேட்டிக்கோ பக்கத்தில் ஆள் இருந்தால்தான் தொண்டையில் சோறு இறங்காது.

மேயரின் டப்பாவை மூடும்போது போன் அடித்தது.

"ஹேட்டி, என் உயிரக் காப்பாத்து." டெலானியின் குரலுக்குப் பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது. "என் பேர்ப்பட்டைய கதவுக் கைப்பிடியிலயே மாட்டிட்டு வந்துட்டேன். அது இல்லாம உள்ள விடமாட்டாங்க. இன்னைக்குத்தான் ரோ வீட்டுல முதல் சுத்து. போகலேன்னா கழிச்சிடுவாங்க."

"கொண்டு வரேன்."

"என் சின்ன ஃபேனையும் எடுத்துக்க. அப்புறம் தண்ணி பாட்டில். அப்புறம் அந்தப் பழுப்புச் செருப்பு, இது கடிக்குது. போனெல்லாம் இங்க வாங்கி வச்சிக்கிறாங்க, இனிமே கூப்பிட முடியாது. தேவாலய முனையில நிக்கறேன். ஓடி வா!"

ஒரு கையில் ஃபேன், ஒரு கையில் பாட்டில், அக்குளில் செருப்பு. பெயர்ப்பட்டைக்குக் கை இல்லை. அதனால் ஹேட்டி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சீக்கிரம் போக வேண்டுமென்று தேவாலயத்தைச் சுற்றாமல் பின்சந்து வழியாக ஓடினாள். அதனால் டெலானி தேவாலய முனையில் நின்றுகொண்டிருந்தபோது, ஹேட்டி ரோ வீட்டுப் புல்வெளியில் மூச்சு வாங்க நின்றாள்.

கையில் அட்டை பிடித்த வழிகாட்டிப் பெண் ஒருத்தி அவள் மேல் பாய்ந்தாள்.

"டெலானி வேட்! எங்கடி போய்த் தொலைஞ்ச? உன் வரிசை உள்ள போகப் போகுது!" ஃபேனும் பாட்டிலும் செருப்பும் பிடுங்கப்பட்டு ஒரு பைக்குவியலில் போய் விழுந்தன.

"நான் டெலானி..." ஹேட்டிக்கு அவசரத்தில் வாக்கியம் முழுதாக வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்த சொல் வருவதற்குள் எதிராளி பேசிவிடுவார்.

"தெரியும் செல்லம், கழுத்துலயே தொங்குதே," என்று வழிகாட்டி அவளை வரிசைக்குள் தள்ளினாள்.

நீலக்கதவு திறந்தது. வாசல் முழுக்கப் பெண்கள். தரையிலிருந்து நிலைப்படி உச்சி வரைக்கும் தலைகளாகவே அடுக்கியிருந்தது. கீழே இருந்தவர்கள் மண்டியிட்டிருந்தார்கள், மேலே இருந்தவர்கள் எதன்மேல் ஏறி நின்றார்களோ. எல்லா வாயும் திறந்திருந்தது. கைதட்டலும் கால் உதையும் பாட்டும் ஒன்றாக வந்து ஹேட்டியின் நெஞ்சில் மோதின. அவள் ஓர் எட்டு பின்வாங்கினாள்.

"பின்னால போகாத!" பின்னால் நின்றவள் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அவள் பெயர்ப்பட்டையில் டின்ஸ்லி என்று இருந்தது. காதில் கூழைக்கடா கம்மல், கழுத்தில் கூழைக்கடா சங்கிலி. கூழைக்கடா ரோ வீட்டின் சின்னம். "பின்னால போறவங்கள முதல்லயே குறிச்சிடுவாங்க. உன்ன யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைக்கிற? பிரெஸ்லிதான். அவளுக்குக் கொத்தமல்லி ஆகாது. சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்து கை உடைஞ்சது. அத மட்டும் கேட்டுடாத, அழுவா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வசந்த காலத்துலேருந்து படிக்கறேன். எல்லாரையும் படிச்சிட்டேன். தலைவி ஆஷ்பியோட பல் டாக்டர் யாருன்னுகூடத் தெரியும்." டின்ஸ்லி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஹேட்டி அரை எட்டு முன்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

தலை அடுக்கு கலைந்தது. ஒரு கை வந்து ஹேட்டியின் இரண்டு கைகளையும் பற்றியது. கதவு மூடியது. ரோ வீட்டுக் கதவு மூடினால் கடைசிப் பாட்டு முடியும்வரை திறக்காது.

"டெலானீ!" என்றாள் பிரெஸ்லி. டின்ஸ்லி சொன்ன அதே பிரெஸ்லிதான். கையை விடாமல், பின்பக்கமாகவே நடந்து, நாற்காலி மேசை எதிலும் இடிக்காமல் ஹேட்டியைக் கூடத்துக்கு இழுத்துப் போனாள். "உன்னப் பாக்கணும்னு செத்துட்டிருந்தேன்! வாஃபிள் எப்படி இருக்கான்?"

வாஃபிள் டெலானியின் நாய். "நல்லா..."

"நான் அவனோட இன்ஸ்டாகிராம் பக்கத்த தினம் பாப்பேன்! மழைக்கோட்டுப் போட்ட போட்டோவ என் போன் முகப்புல வச்சிருக்கேன். உன் முட்டி சரியாயிடுச்சா? ஆபரேஷன் பண்ணது இடதா வலதா?"

பிரெஸ்லி குனிந்து ஹேட்டியின் முட்டிகளைப் பார்த்தாள். ஹேட்டியும் பார்த்தாள். இரண்டும் கீறல்கூட இல்லாமல் நன்றாக இருந்தன.

"தழும்பே தெரியல! என்ன டாக்டரோ! ஐயோ, முடி! இடுப்பு வரைக்கும் இருந்ததே! வெட்டி, கறுப்பாவும் ஆக்கிட்டியா? உனக்கு என்ன தைரியம்டீ!"

டெலானி மஞ்சள் முடி, நீலக்கண், ஹேட்டியைவிட ஒரு தலை உயரம். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற இந்தப் பெண்ணுக்கு முகம் மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஹேட்டிக்கு வியப்பாக இருந்தது. பிறகு டெலானியின் போட்டோக்களை நினைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நாய்தான் முன்னால் இருக்கும்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

பிரெஸ்லியின் தோளை ஒரு விரல் தட்டியது. பிரெஸ்லி கண்சிமிட்டுவதற்குள் விலகினாள். அந்த இடத்தில் கேம்ப்பெல் என்ற இன்னொருத்தி இருந்தாள். ரோ வீட்டின் பெருமையே அதுதான். வந்த பெண்ணை ஒரு நொடி தனியாக விடமாட்டார்கள். ஒருத்தி போவாள், அவள் மூச்சுக்காற்று ஆறுவதற்குள் அடுத்தவள் வருவாள்.

கேம்ப்பெலின் கண்கள் நிறைந்திருந்தன.

"உன்னப் பாத்ததும் அழுகை வந்துடுச்சு," என்றாள்.

"ஏன்?"

"தெரியல. இன்னைக்குக் காலையிலேருந்து எல்லாரையும் பாத்து அழறேன். மை கலைஞ்சிருக்கா?"

"கொஞ்சம்."

"நீ எவ்ளோ நேர்மையானவ!" கேம்ப்பெல் அவளைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள்.

அந்தத் தோளுக்கு மேலாகத்தான் ஹேட்டி சன்னலைப் பார்த்தாள். புல்வெளியில் டெலானி நின்றிருந்தாள். வழிகாட்டி அட்டையைக் காட்டி ஏதோ சொன்னாள். டெலானி வேட் உள்ளே போயாயிற்று என்று சொல்லியிருப்பாள். டெலானி வீட்டைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். சன்னலுக்குள் கழுத்தில் தன் பெயரோடு ஹேட்டியைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. பயம். ஹேட்டி இப்போது உண்மையைச் சொன்னால் டெலானி வேட் வராதவள் ஆகிவிடுவாள், சுவரிலிருந்து சுவர் வரைக்குமான அந்த மேசை போய்விடும். ஹேட்டிக்கு அது புரிந்த அதே நொடியில் டெலானியும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். வழிகாட்டிக்குத் தெரியாமல் இரண்டு கைகளையும் கூப்பினாள். பிறகு ஒரு கையை வாத்தின் அலகு மாதிரி திறந்து திறந்து மூடினாள்.

பேசு, பேசு, பேசு.

ஹேட்டி பேச வாயைத் திறந்தாள். வரவில்லை. கேம்ப்பெலின் தோளை யாரோ தட்டினார்கள். பிறகு யாரோ. பிறகு யாரோ. எல்லோரும் வாஃபிளை விசாரித்தார்கள். பக்கத்தில் டின்ஸ்லி ஒரு மூத்தவளிடம், "உங்க அண்ணன் பையனுக்கு அம்மை சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். அந்த மூத்தவள் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கடைசியாக வந்தவளுக்கு வரத் தெரியவில்லை. தோளைத் தட்ட மறந்துவிட்டு இடையில் வந்து நின்றாள். கையில் எலுமிச்சை ஜூஸ் கூஜா இருந்தது.

"மன்னிச்சுக்க. நான் பேசற ஆளு இல்ல, ஊத்தற ஆளு," என்றாள். "பேச வேண்டியவ வெயில்ல மயக்கம் போட்டுட்டா. என் பேரு மரின். உன் நாயப் பத்திக் கேக்கச் சொன்னாங்க. எனக்கு நாய்னா பயம். வேற ஏதாவது வளக்கறியா?"

பொய் சொல்லாமல் ஹேட்டி பதில் சொல்லக்கூடிய முதல் கேள்வி இது.

"சளிப்பூஞ்சை," என்றாள்.

"என்னது?"

"மஞ்சளா இருக்கும். ஒரே ஒரு செல். ஆனா உள்ளங்கை அளவு இருக்கும். மூளை கிடையாது. ஆனாலும் ஒரு சிக்கலான பாதையில விட்டா ஓட்ஸ் இருக்கற இடத்துக்குக் குறுக்கு வழிய கண்டுபிடிச்சிடும். போன வழியில மறுபடி போகாது, அதோட சளி அங்க இருக்கும், அத வச்சுத் தெரிஞ்சுக்கும்." வாக்கியங்கள் முழுசாக வந்தன. தனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அப்புறம் அதுல ஆண், பெண்ணுன்னு ரெண்டு இல்ல. நூத்துக்கணக்குல பாலினம் இருக்கு."

மரின் கூஜாவை மேசையில் வைத்தாள். "அப்போ அதுங்களுக்கு எத்தன சங்கம் வேணும்! ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீடு, ஒரு பாட்டு!"

ஹேட்டி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். அந்த ஊருக்கு வந்து முதல் தடவை.

"எனக்குக் கூட்டம்னா மூச்சு முட்டும்," என்றாள் பிறகு, மெதுவாக.

"எனக்கும். சமையலறைக்குப் பின்னால ஒரு சாமான் அறை இருக்கு. மாவு மூட்டை மேல உக்காந்துக்குவேன். யாருகிட்டயும் சொல்லாத," என்றாள் மரின்.

பாட்டு முடிந்தது. கதவு திறந்தது.

புல்வெளியில் டெலானி அவளைப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கழுத்திலிருந்து பட்டையை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "என்ன சொன்னே? எல்லாத்தையும் சொல்லு. சிரிச்சியா? எதுக்குச் சிரிச்சே?"

"சளிப்பூஞ்சையப் பத்தி..."

"அடிப்பாவி! ரோ வீட்டுக்குள்ள போயி மேயரப் பத்தியா பேசினே?"

"நீதானே பேசச் சொன்னே!"

டெலானி புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஹேட்டியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டெலானி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரோ வீடு டெலானி வேட்டை மறுபடி அழைத்தது. அழைப்போடு ஒரு குறிப்பும் வந்தது: மஞ்சள் பூஞ்சைக்கு எங்கள் அன்பு.

அன்று காலை முழுக்க டெலானி பாடம் படித்தாள். முடியைச் சுருட்டிக்கொண்டே, மேயரின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "மூளை இல்ல, ஒரே செல், குறுக்கு வழி, சளி," என்று முணுமுணுத்தாள். "ஆண் எத்தன, பெண் எத்தன?"

"அப்படிக் கிடையாது."

"ஐயோ, இது என் அம்மாவுக்குத் தெரியவே கூடாது."

சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டிலில் விழுந்து உருண்டு சிரித்தாள். "யாரும் கண்டுபிடிக்கல! கேம்ப்பெல் என்ன சொன்னா தெரியுமா? 'ஒரே ராத்திரில முடிய வளத்துட்டியே, எந்தக் கடையில ஒட்டு முடி வச்சே'ன்னு கேட்டா! உயரத்துக்குச் செருப்பு காரணமாம். கண்ணுக்குக் கலர் லென்ஸாம்!"

அதற்கு அடுத்த நாளும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு டெலானி அவ்வளவு சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு ஆளுக்குக்கூடத் தெரியல ஹேட்டி," என்றாள்.

ஹேட்டி மேயரின் டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தாள். டெலானி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்று மறுநாள் பிற்பகலில் நடந்தது. அன்று கூச்சலும் பாட்டும் கிடையாது. வந்தவள் கறுப்பு உடுத்துவாள்; ஒரு மூத்தவள் அவளுக்கென்று மெழுகுவர்த்தி ஏற்றி, உன்னை ஏன் எங்களுக்குப் பிடித்தது என்று காதோடு சொல்வாள். பெரும்பாலும் இரண்டு பேரும் அழுவார்கள். டெலானி கிளம்பிப் போன பிறகு ஹேட்டி படிக்க உட்கார்ந்தாள். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தாள்.

டெலானி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் சாய்ந்தாள்.

"எனக்கு மெழுகுவத்தி ஏத்தினது மரின்," என்றாள்.

ஹேட்டி புத்தகத்தை மூடினாள்.

"ஏத்திட்டு நிமிந்து என் கண்ணப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், 'நீ அவ இல்ல'ன்னா."

"நீ என்ன சொன்னே?"

"லென்ஸுன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அவ கண்ணப் பாத்துக் கேட்டாடீ. இந்த வாரம் முழுக்க எல்லாரும் முடியப் பாத்தாங்க, செருப்பப் பாத்தாங்க. 'இல்ல, அது என் ரூம்மேட்'னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். கதவுக் கைப்பிடியிலேருந்து."

"அவ?"

"சிரிச்சா. அந்தச் சிரிப்புல மெழுகுவத்தி அணைஞ்சு போச்சு. அந்த வீட்டு வரலாத்துலயே அணைஞ்சதில்லையாம். பக்கத்துல கேம்ப்பெல் அழுகைய நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கறா." டெலானி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "அப்புறம் திரும்ப ஏத்திட்டுக் கேட்டா, 'சரி, நீ யாரு?'ன்னு. நான் அந்த மேசையப் பத்திச் சொன்னேன். தட்டப் பத்தி. மனப்பாடம் பண்ணது எதுவும் சொல்லல. கடைசியில அவ, 'இத நான் தலைவிகிட்ட மறைக்க முடியாது'ன்னா. நியாயம்தானே. போச்சு, ஹேட்டி."

"என்னாலதான்."

"நீ இல்லேன்னா முதல் நாளே போயிருக்கும், லூசு."

அன்று இரண்டு பேரும் உணவுக்கூடத்துக்குப் போகவில்லை.

உறை கொடுக்கிற நாள் விளையாட்டு மைதானத்தில். உறை கையில் வந்ததும் திறக்கக் கூடாது. எல்லோரும் அதன்மேல் உட்கார வேண்டும். மைதானம் முழுக்கப் பெண்கள், அவரவர் நாலு வருடத்தின் மேல் உட்கார்ந்து, வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேட்டி கம்பிவேலிக்கு வெளியே, கேமரா பிடித்த அம்மாக்களுக்கு நடுவில், அதே வெள்ளைக் கவுனில் நின்றாள். நீ வந்து நின்னாப் போதும், உறையில என்ன இருந்தாலும் பரவாயில்ல என்று டெலானி கேட்டிருந்தாள்.

ஊதல் ஒலித்தது. மைதானமே கிழிந்ததுபோல ஒரு சத்தம். ஹேட்டி டெலானியை மட்டும் பார்த்தாள். டெலானி உறையைப் பிரித்தாள். படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் பறவை இறக்கை மாதிரி விரித்து, தாடையைக் கீழே தொங்கப் போட்டாள்.

கூழைக்கடா.

அடுத்து ஓட்டம். புதுப் பெண்கள் தங்கள் வீட்டை நோக்கித் தெரு வழியாக ஓட, அம்மாக்கள் கேமராவோடு பின்னால் ஓட, ஹேட்டியால் ஒதுங்க முடியவில்லை. கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ரோ வீட்டுப் புல்வெளியில்தான் இறக்கியது. அங்கே மூத்தவர்கள் புதுப் பெயர்கள் எழுதிய பலகைகளோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். டெலானி என்று எழுதிய பலகை பிரெஸ்லியின் கையில் இருந்தது.

பிரெஸ்லி பார்த்தாள். கிறீச்சிட்டாள். கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். டெலானியும் கைகளை விரித்தாள். பிரெஸ்லி அவளைத் தாண்டி ஓடிப்போய் ஹேட்டியைத் தரையிலிருந்து தூக்கினாள்.

"டெலானீ! முடிய மறுபடியும் வெட்டிட்டியா!"

ஹேட்டிக்கு மூச்சு முட்டியது. கால் தரையில் படவில்லை. சுற்றிலும் பலகைகளும் தலைமுடிகளும் சுழன்றன. வாக்கியம் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது, முதல் நாளிலிருந்தே. அது இப்போது முழுசாக, தலையும் வாலும் சேர்ந்து, வெளியே வந்தது.

"நான் டெலானி இல்ல!"

புல்வெளி அடங்கிவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சொல்லில் நின்றார்கள். பிரெஸ்லி அவளை மெல்லக் கீழே இறக்கினாள். ஹேட்டியைப் பார்த்தாள். பின்னால் நின்ற டெலானியைப் பார்த்தாள். மறுபடி ஹேட்டியை. அவள் நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

"அப்போ," என்றாள், "வாஃபிள் யாரோட நாய்?"

"என்னோடது!" என்று கத்தினாள் டெலானி.

"கடவுளே, நல்லவேளை!" பிரெஸ்லி பாய்ந்து போய் டெலானியைத் தூக்கினாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மரின் கூட்டத்தின் ஓரமாக வந்து ஹேட்டியின் கையில் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸைக் கொடுத்தாள்.

"தலைவிகிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் ஹேட்டி.

"சொன்னேன். ஆஷ்பி கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு உக்காந்திருந்தா. அப்புறம், 'மரின், வீடு முழுக்க இருக்கற பொண்ணுங்க ஆள் மாறினத கவனிக்கலன்னு எதிர் வீட்டுக்குத் தெரிஞ்சா நாம ஊர விட்டே போகணும்'னா. 'அந்த நிஜ டெலானி எப்படி?'ன்னு கேட்டா. பொய் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைச்சும் சொல்லலன்னு சொன்னேன். அது அவளுக்குப் போதுமா இருந்தது." மரின் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கும் வரணும்னா இன்னும் ஒண்ணு ரெண்டு இடம் இருக்கு. பிரெஸ்லி இப்பவே உன்னப் பத்தி விசாரிக்கறா."

ஹேட்டி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பின்சந்து வழியாகவே விடுதிக்குத் திரும்பினாள். ஓடவில்லை என்றுதான் பிற்பாடு சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் உணவுக்கூடத்தில் ஓரத்து மேசையில் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அறைக்கு வந்து மேயருக்கு வைப்பதற்காக ஒரு கிண்ணத்தில் ஓட்ஸைக் கொட்டினாள். கதவு திறந்தது. டெலானி உள்ளே வந்தாள். தலையில் காகிதக் கிரீடம், முகமெல்லாம் மினுமினுப்புப் பொடி.

"மேசை எப்படி?"

"நீளம்டீ. போட்டோல பாத்ததவிட நீளம். ரெண்டு பக்கமும் ஆள்." டெலானி செருப்பை உதறிவிட்டு ஹேட்டியின் கட்டிலில் சாய்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "எல்லாரும் பேசினாங்க. நானும் பேசினேன். பேசிக்கிட்டே இருந்தோம். ஒருத்தி கூட வாயில ஒண்ணும் வைக்கல. தட்ட அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"அது மேயரோடது," என்றாள் ஹேட்டி.

"அவனுக்கு மூளையே இல்ல, எனக்குப் பசி," என்றாள் டெலானி, வாய் நிறைய. "கொஞ்சம் நகந்து உக்காரு."

ஹேட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.